வயலின் பயின்ற பாலுசாமி தீட்சிதர்

நுழையும்முன்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடப்போர், அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளை வரிசையாகக் காண்பர். அங்குள்ள தொழிற்கூடங்களில் நம் இளைஞர்கள் பிறநாட்டுப் பொறிகளை இயக்கக் கற்றுத் தேர்ந்திருக்கின்றனர். பிறர் செய்த கருவியை அவர் சொன்னபடி இயக்குவது ஒரு நிலை. அதே கருவியைக் கொண்டு நம் பணியை நம் முறையில் செய்வது மற்றொரு நிலை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இதே சென்னைப் பகுதியில், ஓர் இளைஞர் ஐரோப்பியரிடம் அயற்கருவி ஒன்றைப் பயின்று, முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் சென்றார். அவர் வரலாறே இப்பாடம்.

இசைக்குடும்பம்

பாலுசாமி தீட்சிதர் 1786ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தந்தையார் இராமசாமி தீட்சிதர் (1735 – 1817), வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் இசையிலக்கணமும் வீணையும் கற்றவர். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் நாம் அடிக்கடி கேட்கும் அம்சத்துவனி இராகத்தை உருவாக்கியவர் அவரே. நூற்றெட்டு இராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலையாக அமைத்த அரிய உருப்படியும் அவர் படைப்பாகும். திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் வழிபாட்டில் பாடப்பெறும் இசையை முறைப்படுத்தும் பணியையும் அவர் மேற்கொண்டிருந்தார்.

நாற்பது வயதுவரை பிள்ளைப்பேறு இல்லாதிருந்த இராமசாமி தீட்சிதர், வைத்தீசுவரன்கோயிலில் நோன்பிருந்து முத்துக்குமாரசாமியை வேண்டினார் என்பர். மூத்த மகன் முத்துசாமி, அவருக்குப்பின் சின்னசாமி, இளையவர் பாலுசாமி. மூத்தவரின் பெயர் அந்தக் குமரக்கடவுளின் நினைவாக இடப்பட்டது. பாலாம்பாள் என்னும் மகளும் இருந்தார்.

முத்துசாமி தீட்சிதரை நாடறியும். தியாகராசர், சியாமா சாத்திரி ஆகியோருடன் இசை மும்மூர்த்திகளில் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். அத்தகைய அண்ணனின் நிழலில் வளர்ந்த தம்பியின் பெயர் மங்கிப்போவது இயல்பே. ஆயினும், இன்று தமிழகத்தின் எந்த இசைமேடையை நோக்கினாலும் பாடகரின் அருகில் அமர்ந்திருக்கும் வயலின் கலைஞர், அறிந்தோ அறியாமலோ, இந்தத் தம்பி திறந்த வழியில் வந்தவரே ஆவார்.

மணலியும் கோட்டையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் சென்னை, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் முதன்மையான இடங்களுள் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. கும்பினியாரோடு நாட்டார் நடத்திய வாணிகத்திற்கும் பேச்சுக்கும் இடைநின்ற துபாசிகள் பெருஞ்செல்வராயினர். அவர்களுள் ஒருவர் மணலி முத்துகிருட்டிண முதலியார். திருவாரூர் வந்த அவர், இராமசாமி தீட்சிதரின் புலமையைக் கேட்டு வியந்து, குடும்பத்தோடு தம் ஊருக்கு அழைத்துவந்தார். அவருக்குப்பின் அவர் மகன் வேங்கடகிருட்டிண முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். சின்னையா முதலியார் என்றும் அவரை அழைப்பர். இன்று வடசென்னையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பெயரோடு நாம் அறிந்திருக்கும் மணலி, அன்று சிற்றூர், இசைவாணர்க்குப் புகலிடம்.

மணலிக்கு வந்த காசி யோகி சிதம்பரநாதர், முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். அவர் அங்கே சில ஆண்டுகள் தங்கி, வடநாட்டு இசையையும் அறிந்து திரும்பினார். தீட்சிதர் குடும்பத்தினர் புதியதைக் கண்டு அஞ்சியவர்கள் அல்லர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சின்னையா முதலியார் புனித சார்சுக் கோட்டைக்குச் செல்லும்போது தீட்சிதர் குடும்பத்தினரையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. அங்கே ஐரோப்பியரின் வாத்தியக் குழுவினர் இசைப்பதை அவர்கள் கேட்டனர். அந்த இசை எந்தச் சூழலில் ஒலித்தது என்பதை நாம் மறத்தல் கூடாது. 1799ஆம் ஆண்டில் மட்டும் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையின் வாத்தியக்குழு, வென்றவர்களின் வாத்தியக்குழு. அதன் ஒலியைக் கேட்டோர் அஞ்சியிருக்கலாம், வெறுத்திருக்கலாம், மயங்கி அப்படியே பின்பற்றவும் முயன்றிருக்கலாம். மணலி வீட்டினர் செய்தது வேறு. அந்தக் குழுவில் இருந்த ஒரு கருவியின்மேல் அவர்கள் கவனம் சென்றது. அக்கருவி வயலின். நாட்டார் வழக்கில் அதற்குப் பிடில் என்று பெயர்.

பாலுசாமியின் ஆர்வத்தைக் கண்ட சின்னையா முதலியார், அவர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்தார். இளைஞர் மூன்றாண்டுகள் முறையாகப் பயின்றார்.

மூன்றாண்டு என்பது சிறிய காலம் அன்று. தந்தையிடமே நாட்டின் உயர்ந்த இசைமரபைக் கற்றவர் அவர். வீணையிலும் தேர்ச்சி பெற்றவர். அப்படிப்பட்டவர் மீண்டும் முதல் வகுப்பு மாணவராகி, வில் பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆசிரியரின் மொழியும் வேறு, இசையும் வேறு. கற்றவர் மறுபடியும் கல்லாதவராக அமர்ந்து கற்பதற்குப் பெரிய மனம் வேண்டும். இவ்வரலாற்றில் மிகுதியும் மதிக்கத்தக்க செயல் இதுவே என்று இதனை எழுதுவோர் கருதுகின்றனர்.

ஏன் வயலின்?

ஐரோப்பியர் நம் நாட்டிற்குக் கொண்டுவந்த இசைக்கருவிகள் பல. அவற்றுள் ஹார்ப்சிகார்டு என்பது ஒன்று. பியானோவுக்கு முற்பட்டது அக்கருவி. விரலால் கட்டையை அழுத்தினால், உள்ளே இறகின் முனை ஒன்று தந்தியை மீட்டி ஒலி எழுப்பும். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தின் இசையை ஐரோப்பியர் பரோக் இசை என்பர். அக்காலத்து இசைக்கு ஹார்ப்சிகார்டும் வயலினும் இரு கண்களாக விளங்கின. செருமானியரான பாக் (1685 – 1750), இத்தாலியரான விவால்டி (1678 – 1741) ஆகியோர் இரண்டுக்கும் இசை படைத்தனர். இத்தாலியின் கிரெமோனா நகரத்து அமாத்தி குடும்பத்தாரும், அதே நகரின் ஸ்திராதிவாரியும் செய்த வயலின்களை இன்றும் உலகம் விலைமதிப்பற்றவையாகப் போற்றுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் சிலருடைய இல்லங்களில் ஹார்ப்சிகார்டும் இருந்தது. ஆனால் அது நம் இசைக்குள் நுழையவில்லை, வயலின் நுழைந்தது. இரண்டும் ஒரே நிலத்தில், ஒரே காலத்து இசையில் செழித்த கருவிகள். அவ்வாறிருக்க, ஒன்று மட்டும் ஏன் நிலைத்தது?

விடை நம் இசையின் இயல்பில் உள்ளது. நம் இசையில் சுரம் ஓரிடத்தில் அசையாது நிற்பது குறைவு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், நின்ற இடத்திலேயே அசைவதும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீள்வதும் இராகத்துக்கு உயிராகின்றன. இதனைக் கமகம் என்பர். தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைவின்றிப் பாடினால், சுரம் இருக்கும், தோடி இராது. ஹார்ப்சிகார்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலி. இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒலிக்கு அங்கே இடமில்லை. மேலும், மீட்டிய ஒலி மறுகணமே தேயத் தொடங்கிவிடும்.

வயலினின் விரற்பலகையில் மெட்டுகள் இல்லை. வீணையில் இருபத்து நான்கு மெட்டுகள் உண்டு. அவற்றின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வேண்டும். வயலினிலோ விரல் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லலாம். வில் தந்தியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்வரை ஒலி குறையாமல் நீளும். மனிதர் மூச்சை அடக்கி ஒரு சுரத்தை நீட்டிப் பாடுவதைப் போன்றதே இது. குரலை நிழல்போலத் தொடர வல்ல கருவி வேண்டியிருந்தது. அதனை ஐரோப்பியர் செய்துவைத்திருந்தனர். ஆனால் இந்தப் பயனுக்காகச் செய்யவில்லை. இப்பயனை வயலினில் கண்டதே பாலுசாமி தீட்சிதரின் பெருமை.

கருவியின் உடலில் மாற்றம் ஏதும் செய்யப்படவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். அதே பெட்டி, அதே குதிரை, அதே நான்கு தந்திகள், அதே வில். மாறியவை சுருதி சேர்க்கும் முறையும் பிடிக்கும் முறையுமே. மேலைநாட்டார் நான்கு தந்திகளையும் ஐந்து சுர இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றிக்கொண்டே செல்வர். நம்மவரோ சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், மேற்பஞ்சமம் எனச் சேர்த்தனர். அதனால் பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கருவியின் ஆதாரசட்சம் அமைந்தது. மேலைநாட்டுக் கலைஞர் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பர்; கருவி தாடைக்கும் தோளுக்கும் இடையில் நிற்கும். நம் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் அடிப்பகுதியை மார்பில் சார்த்தி, சுருள் தலையை வலக்காலின் கணுக்கால்மேல் ஊன்றுவர். கருவியைத் தாங்கும் பொறுப்பிலிருந்து இடக்கை விடுபடுவதால் விரல்கள் தந்தியின் மேலும் கீழும் தாராளமாக ஓடுகின்றன. இம்மாற்றங்கள் அனைத்தும் ஒருவரால் ஒருநாளில் நிகழ்ந்தவை அல்ல. சில தலைமுறைக் கலைஞர்களின் கைப்பழக்கத்தில் உருப்பெற்றவை. அந்த வரிசையின் தொடக்கத்தில் பாலுசாமி நிற்கிறார்.

மெட்டும் சொல்லும்

கோட்டையில் கேட்ட இசை அண்ணனிடத்தில் வேறொரு வகையில் விளைந்தது. ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். இவற்றை நோட்டுசுர சாகித்தியங்கள் என்பர். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் இவ்வகையில் கிடைத்துள்ளன. மேலையிசையின் அடிப்படைச் சுரவரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்திருப்பதால் இவை அந்த இராகத்தில் அடங்கின. ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டில், சந்ததம் பாகிமாம் எனத் தொடங்கும் உருப்படி, மன்னனை விடுத்துத் தெய்வத்தைப் பாடுகிறது. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பணிவை விட்டுவிட்ட அந்தத் தெரிவில் குறும்பும் உண்டோ என எண்ணத் தோன்றுகிறது.

தம்பி வயலினில் வாசித்த மெட்டுகளே அண்ணனின் இப்படைப்புகளுக்குத் துணையாயின என்று எண்ண இடமுண்டு. ஒரே வீட்டில் அண்ணன் வீணையோடும் தம்பி வயலினோடும் அமர்ந்திருந்தனர் அல்லவா? எனினும் இருவர் செய்ததற்கும் வேறுபாடு உண்டு. அண்ணன் அயல்மெட்டை எடுத்து அதற்கு நம் சொல்லைத் தந்தார். அங்கே கமகம் இல்லை, மெட்டு மேலைநாட்டினதாகவே நின்றது. தம்பி அயற்கருவியை எடுத்து அதில் நம் இசையையே வாசித்தார். நோட்டுசுரங்களை இன்று பெரும்பாலும் இசை பயிலும் சிறார் பாடுகின்றனர். வயலினோ நம் இசையின் நடுவிடத்தையே பிடித்துக்கொண்டது.

பிரிவும் கூடலும்

காலப்போக்கில் குடும்பம் திருவாரூர் திரும்பியது. 1817ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். வறுமையும் பின்தொடர்ந்தது. சின்னசாமியும் பாலுசாமியும் ஆதரவு தேடித் தெற்கே மதுரைக்குச் சென்றனர். அங்கே சின்னசாமி காலமானார். உடன்வந்த அண்ணனை இழந்து, மூத்த அண்ணனையும் பிரிந்து, வயலினோடு தனித்து நின்றார் பாலுசாமி. அவர் மேற்கொண்ட தென்னாட்டுப் பயணம் எட்டயபுரத்தில் முடிந்தது. எட்டயபுரத்து அரசர் அவர் புலமையை மதித்துச் சமத்தான வித்துவானாக அமர்த்தினார். அவர் திருமணத்திற்கும் துணைநின்றார்.

எட்டயபுரம் பாளையம், கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியார் பக்கம் நின்றது. அது நம் வரலாற்றில் கசப்பான பக்கம். ஆயினும் அவ்வரண்மனை இசைக்கும் தமிழுக்கும் அளித்த இடத்தை மறுப்பதற்கில்லை. 1882இல் பாரதியார் பிறந்ததும் அவ்வூரிலேயே.

தம்பியரைத் தேடி மதுரை வந்த முத்துசாமி தீட்சிதர், ஒருவர் மறைந்ததையும் மற்றவர் எட்டயபுரத்தில் இருப்பதையும் அறிந்தார். உடனே தெற்கே புறப்பட்டார். வழியில் சாத்தூரில், தம்பியின் திருமணச் செய்தி அவர் காதுக்கு எட்டியது என்பர். வறண்டு கிடந்த அக்கரிசல் நிலத்தைக் கண்டு மனமிரங்கி அவர் அமிர்தவர்சினி இராகத்தில் பாட, மழை பொழிந்தது என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. மழையைப் பற்றி அறிவியல் என்ன சொன்னாலும், ஒரு தம்பியை இழந்தவர் மற்றொரு தம்பியைக் காண நடந்த வழி அது என்பதை மனத்தில் கொண்டால், அக்கதையை மக்கள் ஏன் இன்னும் விடாமல் சொல்லிவருகின்றனர் என்பது விளங்கும்.

முத்துசாமி தீட்சிதரின் இறுதிக்காலம் எட்டயபுரத்தில் கழிந்தது. 1835ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், தீபாவளித் திருநாளில், தம்பியின் ஊரிலேயே அவர் மறைந்தார். அவருடைய சமாதி இன்றும் அங்கே உள்ளது.

பாலுசாமி தீட்சிதர் அதன்பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அரசவைக்கு உரிய தருக்கள் எனப்படும் உருப்படிகளை இயற்றினார். அண்ணனின் கீர்த்தனைகள் சிலவற்றுக்குச் சிட்டைசுரங்கள் அமைத்தார். 1858ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார்.

பரவிய வழி

முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கரான தஞ்சை நால்வருள் இளையவர் வடிவேலு. வயலினில் அவர் பெற்ற தேர்ச்சி திருவிதாங்கூர் அரசவை வரை சென்றது. இசைப்புலவராகிய மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டு அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். மணலியில் ஓர் இளைஞர் பாடம் கேட்ட கருவி, அதே தலைமுறையில் அரசரின் பரிசுப்பொருளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வாய்ப்பாட்டுக்கு இன்றியமையாப் பக்கவாத்தியமாக வயலின் நிலைபெற்றது. திருக்கோடிக்காவல் கிருட்டிண ஐயர், கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை, துவாரம் வேங்கடசாமி நாயுடு, இலால்குடி செயராமன் என அதன் மரபு நீண்டது.

பாலுசாமி தீட்சிதர் தம் மகளின் மகனைச் சிறுவயதிலேயே மகன்மை கொண்டார். அவரே சுப்பராம தீட்சிதர் (1839 – 1906). தாத்தாவும் வளர்ப்புத் தந்தையும் ஆசானும் ஆகிய ஒருவரிடமே அவர் குடும்பத்தின் இசைச்செல்வம் முழுவதையும் பெற்றார். பலரும் தம் மரபுப்பாடங்களை வெளியார்க்குக் காட்டாது காத்த காலம் அது. சின்னசாமி முதலியார் என்னும் சென்னை அறிஞர், நம் உருப்படிகளை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பிக்கும் முயற்சியில் அதற்கு முன்னரே இறங்கியிருந்தவர். அவர் எட்டயபுரத்தாரை அணுகி, தீட்சிதர் மரபின் பாடங்கள் அச்சேற வேண்டும் என வற்புறுத்தினார். அரசரின் ஆதரவும் சேர, சுப்பராம தீட்சிதர் இசைந்தார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளோடு பிறர் உருப்படிகளையும் சுரப்படுத்தி, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறியீடு இட்டு, சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை அவர் எழுதினார். 1904ஆம் ஆண்டு எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் தெலுங்கில் அச்சான அந்நூல், பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமியால் தமிழிலும் வெளியிடப்பட்டது. மணலி வீட்டையும், கோட்டையின் வாத்தியக்குழுவையும், மூன்றாண்டு வயலின் பயிற்சியையும் நாம் அறிவது அந்நூலில் சுப்பராம தீட்சிதர் எழுதிவைத்த குடும்ப வரலாற்றின் வழியாகவே.